ஓசியில் வந்த மென்பொருளும் ஒரு சைபரும்

போன மாசம் ஆபீஸில் ஒரு புது ப்ராஜெக்டுக்குச் செலவுக் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தோம். சர்வருக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டே வந்த மேனேஜர், மென்பொருள் வரிசைக்கு வந்ததும் கூலாக ஒரு சைபர் போட்டார். "எல்லாம் ஓப்பன் சோர்ஸ்தானேப்பா, ஓசி!"

நானும் மண்டையை ஆட்டிட்டு வந்துட்டேன். ஆனா அந்த சைபர் உள்ளே குடைஞ்சுக்கிட்டே இருந்தது. அதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். கட்டற்ற மென்பொருளை ஆரம்பித்தவர்கள் காசே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1985-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன், தான் எழுதிய ஈமேக்ஸ் எடிட்டரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். நெட் வசதி இருந்தவர்கள் சும்மாவே இறக்கிக்கொள்ளலாம். இல்லாதவர்கள் டேப் வாங்கினார்கள்.

1989-ல் மூன்று பேர் சேர்ந்து சிக்னஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஜிசிசி கம்பைலர் எல்லோருக்கும் இலவசம். ஆனால் உங்க சிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தித் தரணுமா, பிரச்சினை வந்தா வந்து நிக்கணுமா, அதுக்குக் காசு. சமையல் குறிப்பு ஓசி, பந்திக்குச் சமைக்க வர்றவருக்குக் கூலி. அவ்வளவுதான் மேட்டர்!

இதே வழியில் போன ரெட்ஹேட், 1999 ஆகஸ்டில் பங்குச்சந்தைக்கு வந்தது. 14 டாலருக்கு விற்ற பங்கு, முதல் நாள் முடிவில் 52 டாலர். சில மாதங்களில் சிக்னஸை வாங்குவதாக அறிவித்தது. அந்த ரெட்ஹேட்டையே 2019-ல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

அப்புறம் என்ன, எல்லாரும் சுபம்தானேங்கறீங்களா? அங்கேதான் இடிக்குது.

ஆள் வந்து நிற்க வேண்டிய மென்பொருளுக்குத்தான் இந்தக் கணக்கு சரிப்படும். சத்தமில்லாமல் அடியில் கிடந்து உழைக்கும் மென்பொருளுக்கு யார் கூலி தருவார்கள்? ஓப்பன்எஸ்எஸ்எல் அப்படிப்பட்டது. பாஸ்வேர்டு, கார்டு நம்பர் எல்லாம் திருடு போகாமல் காப்பது அதன் வேலை. 2014 ஏப்ரலில் அதில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியே தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்த ஓட்டை! உலகத்து சர்வர்களில் பெரும்பகுதி நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருத்தர். கோட் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான் இருந்தது. உட்கார்ந்து படிக்க யாருக்கும் சம்பளம் இல்லை.

அடி விழுந்த பிறகுதான் கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் சேர்ந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் மூலம் நிதி ஒதுக்கினார்கள். கதை அதோடு முடியவும் இல்லை. 2024-ல் எக்ஸ்இசட். அதைத் தனியாளாகச் சுமந்துகொண்டிருந்த தன்னார்வலர் சோர்ந்துபோயிருந்த நேரம், உதவ வந்த மாதிரி நடித்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு ஆசாமி பின்கதவு வைத்துவிட்டான். லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளரால் தப்பித்தோம்.

ஆக, செலவு சைபர் இல்லை. யாரோ ஒருத்தர் தன் தூக்கத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார். நம்ம எக்செல்லில் அது தெரியவில்லை, அவ்வளவே.

ஏழு வருஷமா பொட்டி தட்டுறேன். என் சம்பளமே இந்த மென்பொருள்களின் மேல்தான் நிற்கிறது. ஒரு டாலர், ஒரு பேட்ச்? இதுவரை அனுப்பினதில்லை. மறுநாள் மேனேஜரிடம், அந்த வரிசையில் சின்னதாக ஒரு தொகை போடலாமா என்று கேட்டேன். "அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்ப்பா" என்றார்.

சரி, அவர் பார்க்கட்டும். நான் தினமும் உபயோகிக்கும் ஒரு குட்டி லைப்ரரிக்கு நேத்து ராத்திரி என் முதல் பேட்ச் அனுப்பியாச்சு.

டிஸ்கி: பேட்ச்சை இன்னும் ஏத்துக்கலை. பாவம், அவரும் ஆபீஸில் ஆணி புடுங்கிட்டுத்தானே வரணும் :-)