கயிறு வித்தையும் சௌரிராஜனும்

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு வேதியியல் லேப். ஒரு பீக்கரில் நிறமில்லாத இரண்டு திரவங்கள். கீழே தண்ணீர், மேலே ஹெக்சேன். எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாமல் நின்றன. விரிவுரையாளர் இடுக்கியைத் தூக்கிக்காட்டி, "இது உங்க ஆளுங்க வித்தைதானே, நீயே வந்து இழு" என்று மலாயில் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அந்த வகுப்பில் ஒரே இந்தியன் நான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய ஏடு படிந்திருந்தது. நடுவில் பிடித்துத் தூக்கினேன். ஈரக் கயிறாக அது வந்துகொண்டே இருந்தது. எழுந்து நின்று இழுத்தும் முடியவில்லை. இதற்குப் பெயர் 'நைலான் ரோப் ட்ரிக்'. அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வேலை பார்த்த பால் மார்கனும் ஸ்டெபனி குவாலக்கும் 1959இல் ஒரு வேதியியல் கல்வி இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பு அது. 'இந்தியன் ரோப் ட்ரிக்' என்று உலகமே கேள்விப்பட்டிருந்ததால் அந்தத் தலைப்பு எடுபட்டது. ஃபக்கீர் கயிற்றை வானத்தில் எறிவான், பையன் அதில் ஏறி மறைந்துபோவான், அந்தக் கதை.

சிரிப்பு கொஞ்ச நாள் உறுத்தியது. பெயருக்குப் பின்னால் போனேன். அந்த வித்தை உலகம் முழுக்கப் பரவக் காரணம் 1890 ஆகஸ்டில் சிகாகோ டிரிபியூனில் வந்த ஒரு செய்தி. எழுதியவர் ஜான் வில்கி. அதில் வரும் சாட்சியின் பெயர் எல்மோர். அவருடைய முதலெழுத்து எஸ். இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் 'இன்னும் விற்றுத்தள்ளு' என்று வரும்! நாலு மாதம் கழித்து, அது கற்பனைதான் என்று பத்திரிகையே ஒத்துக்கொண்டது. மறுப்பை யார் படித்தார்கள்? 1934இல் லண்டன் மாயவித்தைக்காரர்கள் சங்கம், செய்துகாட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று அறிவித்தது. யாரும் வாங்கவில்லை. ஆக 'உங்க ஆளுங்க வித்தை' ஒரு சிகாகோக்காரரின் கைங்கரியம்.

மார்கனும் குவாலக்கும் செய்தது வித்தை இல்லை. 1935இல் கரோதர்ஸ் குழு நைலானைக் கண்டுபிடித்த வழியில் 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூட்டில் சிதையும் பொருள்களை அப்படி இணைக்க முடியாது. இவர்களுடைய வழியில் தண்ணீரில் டையமின், ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஆசிட் குளோரைடு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு கை. டையமின் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததும் கை கோத்துக்கொள்கிறது, சங்கிலி நீள்கிறது. அறை வெப்பமே போதும்.

பாட்டியிடம் வீடியோ காட்டினேன். வல்டோர் பக்கம் தோட்டத்தில் இருபது வருசம் பால்மரம் வெட்டியவர். "என்னய்யா, பால்ல ஆசிட் ஊத்தி ஷீட்டு எடுக்கிற மாதிரிதான இருக்கு" என்றார். பார்வைக்கு அப்படித்தான். ஆனால் ரப்பர் பாலில் சங்கிலியை மரமே செய்து முடித்துவிடுகிறது. ஆசிட் அதைத் திரட்ட மட்டும்தான். பீக்கரில் சங்கிலியே அப்போதுதான் பிறக்கிறது.

இந்தக் கயிற்றால் யாரும் மீன்வலை பின்னவில்லை. கடையில் விற்கும் நைலான் இன்றும் சூட்டில் உருக்கி இழுத்ததுதான். வித்தையின் பலன் வேறு இடத்தில் இருந்தது. இழுத்தால் புது எல்லை திறக்கும், கயிறு வளரும். இழுக்காமல் விட்டால்? படிந்த ஏடே டையமினுக்குத் தடுப்புச்சுவர் ஆகிவிடும். வேலை தானாக நின்று, மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய படலம் மிஞ்சும். மினசோட்டாவில் ஜான் கடாட் 1970களில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். துளைகள் உள்ள பிளாஸ்டிக் தாங்கியின் மேல் அந்தப் படலத்தை வளர்த்தார். தண்ணீர் போகும், உப்பு நிற்கும்.

அவருக்கு முன்னால் ஒருவர் உண்டு. என் வகுப்பில் யாரும் சொல்லாத பெயர் அது. மார்கனின் கட்டுரை வந்த அதே காலத்தில், 1959-60இல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் செல்லுலோஸ் அசிட்டேட் படலம் ஒன்றைச் செய்தார்கள். சௌரிராஜன் என்றதும் எனக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள்தான் ஞாபகத்துக்கு வந்தார். புளோரிடாவில் ரீடும் பிரெட்டனும் ஏற்கெனவே அதே பொருளில் உப்பைத் தடுத்திருந்தார்கள், ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. இவர்கள் மேலே மட்டும் மெல்லிய இறுகிய தோல், கீழே பஞ்சு மாதிரி என்று அமைத்தார்கள். நீரோட்டம் ஏறக்குறைய பத்து மடங்கு ஆனது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊர் அந்த முறையில் குடிநீர் எடுத்தது. சௌரிராஜன் கனடா போய் ஒட்டாவாவில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவருடைய படலத்தை இரு திரவப் படலம் ஓரங்கட்டிவிட்டது உண்மை. ஆனால் மெல்லிய தோல், தாங்கும் அடித்தளம் என்ற யோசனையின் மேல்தான் கடாட்டின் வேலையும் நிற்கிறது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் என்று சென்னை கடல்நீரைக் குடிக்கத் தொடங்கியது இந்த வழியில்தான்.

இப்போது நான் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர்ப் பிரிவில் இருக்கிறேன். போன வருசம் அடைத்துப்போன குழாய் ஒன்றை அறுத்துப் பார்த்தோம். எட்டு அங்குலக் குழாய்க்குள் சுருட்டிக் கிடந்ததைத் தரையில் விரித்தால் ஸ்டோரே நிறைந்தது. மொத்தம் 37 சதுர மீட்டர். விரலால் தேய்த்தால் வழுக்கும் வழவழப்பு. படலம் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. கூட இருந்த மலாய் டெக்னீஷியனிடம் சௌரிராஜன் கதையைச் சொன்னேன். பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்து, "நீளம் லா" என்றார்.

சுங்கை பாக்காப் கடைவரிசையில் காசு போட்டால் ஆர்.ஓ. தண்ணீர் தரும் மிஷின் நிற்கிறது. வாரம் இரண்டு முறை கேன் பிடித்து வருவேன். பாட்டி தொடுவதில்லை. பைப்புத் தண்ணியைக் கொதிக்கவைத்துத்தான் குடிப்பார். இதில் ருசியே இல்லையாம்.