உள்தள்ளல்: இடைவெளியைத் தீர்மானிப்பவர் யார்?

2001 சூலையில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றபோது ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். 1976இல் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் அவர் உருவாக்கத் தொடங்கிய ஈமேக்ஸ், நிரல் வரிகளைத் தானே உள்தள்ளும் உரைத்தொகுப்பிகளுள் முதன்மையானது. அவ்வழக்கத்தின் வரலாறு மொழியியல் மாணவர்க்கும் உரியது.

1957இன் ஃபோர்ட்ரானில் கூற்றுகள் துளையட்டையின் 7 முதல் 72 வரையிலான இடங்களில் அமையவேண்டும். அந்த இடைவெளி அட்டையின் தேவை. லிஸ்ப் போன்ற மொழிகளிலோ கட்டமைப்பை அடைப்புக்குறிகளே காட்டின; உள்தள்ளல் மனிதக் கண்ணுக்காக மட்டுமே. ஆகவே அதனை இயந்திரத்திடம் ஒப்படைக்க முடிந்தது. ஈமேக்ஸில் நிரல் எழுதுகையில் தத்தல் விசையை அழுத்தினால், சுட்டி வரியின் எவ்விடத்தில் இருப்பினும் அவ்வரி உரிய இடத்திற்கு நகரும். ஆனால் தொகுப்பியின் முன் இருப்பது பெரும்பாலும் முடிவுறாத நிரல். விசை அழுத்தப்படும்தோறும் கோப்பை முதலிலிருந்து படித்தால் காலம் மிகும். எனவே வரியின் முதலிடத்தில் நிற்கும் திறப்பு அடைப்புக்குறியை ஒரு வரையறையின் தொடக்கமாகக் கொண்டு, அதுவரை மட்டும் பின்னோக்கிப் படிக்கும் மரபு தோன்றியது.

பீட்டர் லாண்டின் 1966இல் உள்தள்ளலையே இலக்கணமாக்கும் விதியை முன்வைத்தார். 1991இல் வெளிவந்த பைத்தான் அவ்வகையினது. மடக்கு ஒன்றை அடுத்து 'அச்சிடு' என்னும் வரி உள்ளே தள்ளி நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் அச்சாகும். வெளியே நின்றால் ஒருமுறை மட்டும். இரண்டும் பிழையற்றவை. ஆதலால் ஈமேக்ஸ் இங்கே தீர்ப்பளிப்பதில்லை. விசையை மீண்டும் மீண்டும் அழுத்த, இயலக்கூடிய நிலைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. தேர்வு எழுதுபவருடையது.

டெக்னோபார்க்கை அடுத்துள்ள காரியவட்டம் வளாகத்தில், கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தின் ஏடுகளில் இதே சிக்கலைக் காணலாம். சொற்களுக்கிடையே வெளியின்றி எழுதப்பட்டவை அவை. செய்யுளின் அடிகளை யாப்பைக் கொண்டு பிரித்துவிடலாம். அதற்கான சான்று உரைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இலக்கண மாணவர் அறிந்த 'செம்பொன்பதின்றொடி' செம்பொன் பத்துத் தொடியா, செம்பு ஒன்பது தொடியா? எழுத்து விடை தருவதில்லை.

நல்ல பதிப்பாசிரியர் ஒரு பிரிப்பைத் தேர்ந்து, மற்றதை அடிக்குறிப்பில் காட்டுவார். தமிழ்த் தரவகங்களுக்காக இன்று நாம் அமைக்கும் சொற்பிரிப்பான்கள் பலவும் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழித்துவிடுகின்றன. அதன்மேல் எழும் சொல்லடைவும் புள்ளிவிவரமும் அத்தேர்வையே உண்மையாகக் கொள்கின்றன. கணிக்க இயலுவதைக் கணித்து, இயலாததை எழுதுபவரிடமே விட்ட அத்தொகுப்பியின் நெறியை நம் கருவிகளும் மேற்கொள்ளவேண்டும்.