வானத்தைப் படமெடுக்க எந்தக் கேமரா? - ஒரு சின்ன வரலாறு

வானத்தைப் படமெடுக்க ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கலாமா என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். எந்த மாடலைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் வந்தது. இந்தக் கேமராவை யாருக்காகச் செய்தார்கள்? தேடிப் போனால் அது நூற்றெண்பது வருஷத்துக்கும் மேலான கதை. பதில் மட்டும் ஒன்றுதான்: பெரும்பாலும் வானத்துக்காக இல்லை!

1840-ல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலாவைப் படமெடுத்தார். 1850-ல் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேகா நட்சத்திரம் தகட்டில் பதிந்தது. 1880-ல் டிரேப்பரின் மகன் ஹென்றி, சுமார் 50 நிமிடம் ஒளியைச் சேர்த்து ஓரியன் நெபுலாவையே பிடித்துவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1882-ல் நடந்த சம்பவம். அந்த வருஷம் ஒரு மாபெரும் வால்நட்சத்திரம் தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் கேப் வானாய்வகத்தில் இருந்த டேவிட் கில், உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரின் உதவியோடு ஒரு சாதாரணக் கேமராவைத் தொலைநோக்கியின் மேல் கட்டிப் படமெடுத்தார். தகட்டைக் கழுவிப் பார்த்தால், வால்நட்சத்திரத்தைச் சுற்றி ஏராளமான நட்சத்திரங்கள்! வானத்துக்கே வரைபடம் போடலாமே என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பெற்றது. பிறகு கில் எடுத்த தகடுகளை நெதர்லாந்தில் காப்டெய்ன் பொறுமையாக அளந்தார். 4,54,875 தென்வான நட்சத்திரங்களின் பட்டியல் பிறந்தது.

சரி, ஃபுல் ஃப்ரேம் எங்கிருந்து வந்தது? சினிமாவிலிருந்து! ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், 35 மி.மீ. சினிமாப் படச்சுருளைச் சின்னக் கேமராவுக்குள் படுக்கை வாட்டில் ஓடவிட்டார். சினிமாவின் 18 × 24 மி.மீ. சட்டம் இரட்டிப்பாகி 24 × 36 ஆனது. 1925-ல் லைக்கா என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. இன்றைய ஃபுல் ஃப்ரேம் சென்சாரும் அதே அளவுதான். 2002-ல் கேனன் 1டிஎஸ் வந்தபோது விலை எட்டாத உயரம். 2005-ல் வந்த 5டி அதைக் கொஞ்சம் கீழே இறக்கியது.

இதன் லாபம் எளிது. 864 சதுர மி.மீ. பரப்பு, ஏபிஎஸ்-சி சென்சாரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே எஃப் எண், ஒரே காட்சிக் கோணம் என்றால் அந்த அளவுக்கு ஒளியும் கூடுதலாகச் சேரும். இருட்டில் இது பெரிய விஷயம்.

ஆனால் ஒரு சிக்கல். ஓரியன் போன்ற நெபுலாக்களில் ஹைட்ரஜன் வெளிவிடும் சிவப்பு ஒளியின் அலைநீளம் 656.3 நானோமீட்டர். மனித முகத்தின் நிறம் இயல்பாகத் தெரிவதற்காகச் சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். அது இந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது! கல்யாண வீட்டுக்கு நல்லது, நெபுலாவுக்கு நஷ்டம்.

இதைச் சரிசெய்து வானத்துக்கென்றே சில கேமராக்கள் வந்தன. 2005-ல் கேனன் 20டிஏ, சின்னச் சென்சாரோடு. ஃபுல் ஃப்ரேமில் 2015-ல் நிக்கான் டி810ஏ, 2019-ல் கேனன் ஈஓஎஸ் ஆர்ஏ. இந்த மூன்றுமே இப்போது தயாரிப்பில் இல்லை. வானம் பார்ப்பவர்கள் கூட்டம் சின்னது அல்லவா!

ஆகவே வாங்கும் முன் எதைப் படமெடுக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். முக்காலியில் வைத்துப் பால்வெளி எடுக்க, சாதாரண ஃபுல் ஃப்ரேமே தாராளம். ஒரு பழைய மாடலை வாங்கி, மிச்சக் காசை நல்ல லென்ஸில் போடலாம். பெரிய சென்சார் லென்ஸின் மூலைக் குறைகளையும் சேர்த்தே காட்டும் என்பதை மறக்க வேண்டாம். சிவப்பு நெபுலாக்கள்தான் வேண்டும் என்றால், வடிகட்டியை மாற்றிய கேமரா தேவை. மாற்றினால் உத்தரவாதம் போகும், பகல் படங்களின் நிறமும் மாறும்.

நான் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கில் தனக்குக் கிடைத்த கேமராவை வைத்துத்தானே வானத்தை அளக்கத் தொடங்கினார்? அமாவாசை இரவும் ஊர் வெளிச்சம் எட்டாத ஓர் இடமும் கிடைத்தால் போதும், எனக்கும் அது சரிப்படும்.