இழுவையில் நீர்: கிணற்று எல்லையிலிருந்து குவார்ட்ஸ் படிகம் வரை

மாடு பூட்டி நீரிறைக்கும் கவலை ஓட்டிய காலத்தில் கொங்கு நாட்டுக் கிணறுகளுக்கு ஆழம் ஒரு தடையாக இல்லை. வடத்தின் நீளத்தைக் கூட்டி, மாடுகள் இன்னும் சற்றுத் தூரம் நடந்தால் போதும். 1930களில் பைகாரா மின்சாரம் வந்து பம்புசெட் பெருகியபோதுதான் இயற்பியல் ஓர் எல்லை வைத்தது. மையவிலக்கு பம்பு உண்மையில் நீரை இழுப்பதில்லை. அது உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்று நீரை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலின் உச்சம் கடல் மட்டத்தில் 10.3 மீட்டர். ஏறத்தாழ 411 மீட்டர் உயரத்திலுள்ள கோயம்புத்தூரில் அது 10 மீட்டருக்கும் சற்றுக் குறையும். குழாய் உராய்வெல்லாம் போக ஆறேழு மீட்டர்தான் கைக்கு வரும். நீர்மட்டம் இறங்க இறங்க பம்பைக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கியதும், பின்னர் நீரில் மூழ்கிக் கீழிருந்து தள்ளும் மோட்டாருக்கு மாறியதும் இந்த எல்லையால்தான்.

அதே கிணற்று மேட்டில் நிற்கும் தென்னை 20 மீட்டர் உயரத்துக்கு நீரேற்றுகிறது. வேரிலிருந்து மேல்தள்ளும் விசை மட்டுமே அதற்குப் போதாது. 1894இல் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் இதற்குச் சொன்ன விடை துணிச்சலானது: இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது மரக்குழாய்களில் உள்ள நீர்த்தொடர் மேலிருந்து இழுக்கப்படுகிறது, மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் அது அறுவதில்லை. அதாவது, மரத்துக்குள் நீரின் அழுத்தம் சுழியத்துக்கும் கீழே இருக்கிறது. அந்த நிலையில் நீர் ஆவியாகிவிடுவதுதான் முறை. ஒரு குமிழி தோன்றினால் போதும், தொடர் அறுந்துவிடும். தோன்றாத வரை அது திரவமாகவே இருக்கும். இந்தத் தற்காலிகச் சமநிலையைத்தான் அறிவியலார் 'மெட்டாஸ்டேபிள்' என்கிறார்கள்.

நீர் இழுவை தாங்கும் என்பதை பெர்த்தலோ 1850இலேயே காட்டியிருந்தார். மூடிய கண்ணாடிக் குழாயை நீர் முழுதும் நிரப்பும்வரை சூடாக்கி, பிறகு குளிரவிட்டார். கண்ணாடியைப் பற்றிக்கொண்ட நீர் சுருங்க மறுத்தது. இழுவை ஏறத்தாழ 50 வளிமண்டலம் என அவர் கணித்தார். ஆனாலும் தாவரவியலார் பலர் நம்பவில்லை. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1923இல் வெளியிட்ட நூலில், உயிருள்ள செல்களின் துடிப்பே சாற்றை ஏற்றுகிறது என்று வாதிட்டார். நஞ்சூட்டிச் செல்களைக் கொன்ற பிறகும் மரத்தில் நீர் ஏறுவதை ஸ்ட்ராஸ்பர்கர் 1890களிலேயே செய்து பார்த்திருந்ததால் போஸின் விடை நிற்கவில்லை. ஆனால் அவர் ஐயம் நியாயமானது என்றே கருதுகிறேன். மரத்துக்குள் இருக்கும் இழுவையை அளந்து காட்ட அன்று நம்பகமான வழி இல்லை. 1965இல் ஷோலாண்டர் அழுத்தக் கலனில் கிளையை வைத்து, வெட்டுவாயில் சாறு மீண்டும் தலைகாட்ட எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அளந்தார். அலையாத்தி மரங்களில் இழுவை 30 வளிமண்டலத்தையும் தாண்டியது.

இவ்வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பெயர் லைமன் பிரிக்ஸ். அவர் மண்ணியலாளராகத் தொடங்கியவர். 1912இல் ஷான்ட்ஸுடன் சேர்ந்து, மண்ணில் எவ்வளவு ஈரம் மிஞ்சும்போது பயிர் வாடுகிறது என்று அளந்தார். ஈரம் காயும்போது மண் நீரைப் பிடித்து வைக்கும் விசை கூடுகிறது. வாடும் எல்லையில் அது ஏறத்தாழ 15 வளிமண்டலம் எனப் பின்னர் கொள்ளப்பட்டது. அவ்விசையை அளக்கும் டென்சியோமீட்டர் 85 சென்டிபாருக்கு மேல் காட்டாது, ஏனெனில் அதனுள் இருக்கும் நீரே குமிழி கட்டிவிடும். கருவி ஒரு வளிமண்டலத்துக்குள் தோற்கும் இடத்தில் பருத்தி வேர் பதினைந்து வரை தாக்குப்பிடிக்கிறது. பிரிக்ஸ் 1950இல் வளைந்த நுண்குழாயில் நீரை நிரப்பி மிக வேகமாகச் சுழற்றினார். 10 பாகை செல்சியஸில் 277 பார் இழுவைக்குப் பிறகே நீர் அறுந்தது. 0 பாகையை நெருங்கியபோதோ தாங்குதிறன் சட்டென்று விழுந்தது.

குளிரும் இழுவையும் அங்கே சந்தித்தன. உறைநிலைக்குக் கீழும் நீர் உறையாமல் இருக்கும் என்று 1724இலேயே ஃபாரன்ஹைட் எழுதியிருந்தார். 1976இல் ஸ்பீடியும் ஏஞ்சலும் மீக்குளிர்ந்த நீரின் அமுங்குதன்மை −45 பாகையை நோக்கி வரம்பின்றி ஏறுவதுபோல் தோன்றுவதைக் கண்டார்கள். இழுவையில் நீர் அறும் எல்லைக்கோடே குளிர்ப்பக்கம் வளைந்து திரும்புகிறது என்று 1982இல் ஸ்பீடி ஊகித்தார். 1992இல் பூல், ஸ்டான்லி குழுவினர் வேறொன்று சொன்னார்கள்: ஆழ்ந்த குளிரில் நீர் இரு வகைத் திரவங்களாகப் பிரியும் ஒரு மாறுநிலைப் புள்ளி இருக்கிறது. இவை எதுவுமே இல்லாமலும் நீரின் விசித்திரங்களை விளக்கலாம் என்று 1996இல் ஸ்ரீகாந்த் சாஸ்திரியும் உடன் ஆய்ந்தோரும் காட்டினார்கள். பின்னர் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அவர் குழு 2011இல், நீரை ஒத்த விசித்திரங்கள் கொண்ட சிலிக்கானின் கணினி மாதிரியில் அத்தகைய மாறுநிலைப் புள்ளியைக் கண்டது. அது எதிர்மறை அழுத்தத்தில்தான் இருந்தது.

சோதனைக்கு உதவியது குவார்ட்ஸ். 1991இல் ஏஞ்சல் குழு குவார்ட்ஸுக்குள் சிறைப்பட்ட நுண்துளி நீரைக் குளிரவைத்து 1400 வளிமண்டல இழுவையை எட்டியது. நொய்யல் கரைக் கொடுமணலில் பழங்காலத்தில் மணியாகக் கடைந்த அதே கனிமம். 2014இல் லியோனில் கோப்பானின் குழு இத்தகைய படிகத்தில் ஒளிச்சிதறல் மூலம் ஒலிவேகத்தை அளந்து, இழுபட்ட மீக்குளிர் நீரிலும் அசாதாரண மாற்றங்கள் உண்டென்று நிறுவியது.

ஆனால் குவார்ட்ஸில் 1400 தாங்கும் நீர், மற்ற ஆய்வு முறைகளில் முந்நூற்றுக்குள் ஏன் அறுகிறது என்பது தீரவில்லை. பொள்ளாச்சித் தென்னையில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வேம்பு ஆண்டுதோறும் புது மரக்குழாய்களை வளர்த்துப் பழுதானவற்றை ஈடுகட்டும். தென்னைத் தண்டுக்கு அந்த வளர்ச்சி கிடையாது; அடிமரத்தில் ஒருமுறை உருவான குழாய்களே அதன் வாழ்நாள் முழுதும் நீர் கடத்த வேண்டும். 60 ஆண்டு மரம் ஒவ்வொரு நண்பகலிலும் இழுவைக்கு உள்ளாகியும் அவற்றில் குமிழி அடைக்காமல் காப்பது குழாய்ச் சுவரா, சுவர்த்துளைகளின் சவ்வா, இரவில் நிகழும் மறுநிரப்பலா என்பதைப் பிரித்தறியும் அளவீடுகளே இத்துறைக்கு இப்போது தேவை.