லாக் கேபின் ரிபப்ளிகன்ஸ்

அமெரிக்காவின் குடியரசுக் கட்சிக்குள் இருந்தபடியே தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கு வாதாடிவரும் அமைப்பு. லாக் கேபின் என்றால் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில். கட்சியின் முதல் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன் அத்தகைய குடிலில் பிறந்தவர். லிங்கனின் கட்சி எங்களுக்கும் சொந்தம் என்கிறது பெயர்.

இதன் வேர் 1970களின் பிற்பகுதிக் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் பணிபுரியத் தடை கோரி, மாநில செனட்டர் ஜான் பிரிக்ஸ் 1978இல் ஆறாம் முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். பிரிக்ஸும் குடியரசுக் கட்சிக்காரர்தான். அவரை எதிர்த்த முன்னாள் ஆளுநர் ரொனால்ட் ரீகனும் அதே கட்சி. தன்பாலீர்ப்பு ஒன்றும் அம்மைபோல் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல என்று ரீகன் பத்திரிகையில் எழுதினார். நவம்பரில் முன்மொழிவு தோற்றது. அதை எதிர்க்கத் திரண்ட கட்சியினரிடமிருந்தே இந்த அமைப்பு உருவானது.

கட்சியோடு உறவு பின்னர் அவ்வளவு எளிதாக இல்லை. 1992இல் ஹூஸ்டனில் நடந்த கட்சி மாநாட்டில் பழமைவாதத் தலைவர் பாட் புக்கானன் பண்பாட்டுப் போர் முழக்கம் எழுப்பியபின், மறுதேர்தலுக்கு நின்ற குடியரசுத் தலைவர் மூத்த புஷ்ஷுக்கு அமைப்பு ஆதரவு தரவில்லை. 1995இல், அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சியின் வேட்பாளராக முனைந்த பாப் டோலின் தேர்தல் நிதிக்கு 1,000 டாலர் கொடுத்தார்கள். நன்கொடை திரும்பி வந்தது. திருப்பியது ஊழியர்கள், தன்னைக் கேட்கவில்லை என்று டோல் பிறகு சொன்னார். அவமானத்தை விழுங்கிக்கொண்டு மறு ஆண்டு அவரையே ஆதரித்தார்கள். தன்பாலினத் திருமணத்தைத் தடுக்க அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்ற இளைய புஷ்ஷுக்கு 2004இல் கைவிரித்தார்கள்.

அமைப்பின் பெரிய சாதனை கட்சி மேடையில் அல்ல, நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. ராணுவத்தில் தன் நாட்டத்தை வெளிப்படையாகச் சொன்னவரை வேலையைவிட்டு அனுப்பிய 1993ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து 2004 அக்டோபரில் வழக்குத் தொடுத்தார்கள். சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன். வழக்கு தொடங்கியபோது ஆட்சியில் இருந்தவர் புஷ். தீர்ப்பு வந்தபின் மேல்முறையீடு செய்தது ஒபாமா அரசு. 2010 செப்டம்பரில் நீதிபதி வர்ஜீனியா பிலிப்ஸ் அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அதை நீக்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது.

2016இல் டிரம்ப்பை ஆதரிக்காத அமைப்பு, 2019இல் ஆதரித்தது. அதையடுத்து அமைப்பின் நிர்வாக இயக்குநர் பதவி விலகினார். 2022இல் டெக்சாஸ் மாநிலக் கட்சி மாநாட்டில் ஓர் அரங்கு போடக்கூட இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற வரையறை கட்சியின் 2024 தேசியக் கொள்கை அறிக்கையில் இல்லை. திருமணத்தின் புனிதம் பற்றிய வாசகம் மட்டும் இருக்கிறது. யாருடைய திருமணம் என்று அதில் சொல்லவில்லை.