சிவப்பு மாளிகையும் செக்ரோலும்

பழைய பேரங்காடிகளின் வரலாற்றைக் காக்க நிதி திரட்டுவது மேலைநாட்டு நகரங்களில் வழக்கம். இலங்கையில் அவ்வாறு போற்றத்தக்கது கார்கில்ஸ். 1844இல் கண்டியில் தோன்றிய அந்நிறுவனத்தின் கொழும்புக் கோட்டைச் சிவப்பு மாளிகை 1906இல் எழுந்தது.

1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. நமுனுகுல மலைத் தேயிலை கொழும்புக்கு இறங்கியது. துரைமாரின் பங்களாக்களுக்குச் சீமைச் சரக்கு ஏறியது. கொழுந்து பறித்தவர்களுக்கோ சம்பளத்தில் கழித்துக்கொண்டு தோட்டம் அளந்த அரிசிதான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. முழுமையான தீர்வுக்கு 2003வரை காத்திருக்க நேர்ந்தது.

மாளிகையின் நினைவைப் போற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அம்மாளிகையின் செழிப்புக்கு உழைத்தோரின் வரலாறு தோட்டத்துச் செக்ரோல்களிலும் அரிசிக் கணக்குகளிலும் கிடக்கிறது. கட்டடம் கல்லாலானது, நிற்கும். காகிதத்தைக் கறையான் விட்டுவைக்காது. நிதி திரட்டுவோர் முதலில் அதைக் காக்கட்டும்.