யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வந்த வழி

என் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் மனநோய்க்கு இருந்த ஒரே பெயர் அங்கொடை. கொழும்புப் பக்கத்தில் மனநோய் ஆஸ்பத்திரி இருந்த அந்த ஊரின் பெயரே ஏச்சாகிப் போயிருந்தது. "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சண்டையில் சொல்லுவார்கள். நித்திரை வராதவரும் காரணமில்லாமல் அழுகிறவரும் அங்கொடைக்குப் போகிற ஆட்களா? அவர்கள் கோயிலுக்குப் போய் நூல் கட்டினார்கள், சாத்திரியாரிடம் குறிப்பைக் காட்டினார்கள், பரியாரியாரிடம் எண்ணெய் வாங்கினார்கள். பலருக்கு அதில் ஆறுதலும் கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

நான் ஆசிரியை. தொண்ணூறுகளில் உளவளத்துணைப் பயிற்சி பெற்று, ஓய்வு பெறும்வரை இரண்டு வேலையையும் சேர்த்தே செய்தேன். இன்று இத்துறைக்கு வரும் இளம் பிள்ளைகள் பலர், இது சுனாமியோடு வெளிநாட்டு நிறுவனங்கள் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று நினைக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊரில், கரண்ட் இல்லாத வருடங்களில், எங்கள் ஆட்களே தொடக்கிய வேலை இது.

உளவளத்துணை தரும் சாந்திகம் நிறுவனம் 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. அந்த வருடத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்து சுட்டதில் நோயாளிகளும் டொக்டர்களும் தாதிமாரும் செத்தார்கள். காயத்துக்கு மருந்து கட்டுகிற இடமே பயமான இடமாகிவிட்டது. யாழ் மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ரஜினி திராணகம, யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான பூரணி இல்லத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். வன்முறை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எழுதிவைக்கவேண்டும் என்று 'முறிந்த பனை' நூலின் நாலு ஆசிரியர்களில் ஒருவராகவும் நின்றார். 1989 செப்டெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்பும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நூலின் இன்னொரு ஆசிரியர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். வடக்கில் இத்துறையின் கதையை அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அவரும் மனநல மருத்துவர் சிவயோகனும் யாழ்ப்பாணத்துச் சனங்களிடம் வீடு வீடாகக் கேட்டுச் செய்த ஆய்வு 1994இல் வெளியானது. யுத்தத்தின் தாக்கம் எதுவுமே படாதவர்கள் 6 வீதம்தான். 27 வீதமானவர்களிடம் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் இருந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொரு எண்: 41 வீதமானவர்கள் மனத்தாக்கத்தை உடம்பு நோவாகவே அனுபவித்தார்கள். தலையிடி, நெஞ்சிடி, கைகால் விறைப்பு. ஓ.பி.டி. வரிசையில் நின்ற பாதிச் சனத்தின் கதை அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

ஒரு தாயை நினைக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அவ ஒரு சொப்பின் பை நிறைய மருந்துச் சீட்டோடு வந்தா. ஒவ்வொன்றாக மேசையில் விரித்தா. எல்லாவற்றிலும் பனடோல், விற்றமின். "எங்கை அம்மா நோகுது?" என்று கேட்டேன்.

"எங்கை எண்டு சொல்ல, ரீச்சர்? உடம்பெல்லாம் நோ. ஒரு பெருமூச்சு வந்து நெஞ்சிலை நிக்குது, வெளியாலை வருகுதில்லை."

எங்களுக்குத் தந்த பயிற்சியின் முதல் விதி, என்ன நடந்தது என்று தோண்டக்கூடாது என்பது. நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் துணை என்பதோடு நிறுத்தவேண்டும். கதவை மூடுவதா விடுவதா என்பதைக்கூட அவவிடமே கேட்டோம். திறந்தே கிடக்கட்டும் என்றா. படுக்கவைத்து மூச்சை மெதுவாக விடப் பழக்கினோம். பல கிழமை கழித்து, தானாகவே, மூத்த மகனை ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோனதைச் சொன்னா. ஒவ்வொரு இரவும் அவனுக்கென்று ஒரு பிடி அரிசி கூடப் போட்டுத்தான் சமைத்திருக்கிறா. அதை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. செத்த வீட்டுக்கு எட்டுச் செலவும் அந்தியேட்டியும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவனுக்கு என்ன செய்வது? செத்தவர்களுக்கே கீரிமலையில் கடமை செய்ய முடியாமல் போன காலம் அது. 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்தக் கடற்கரை இராணுவ வலயத்துக்குள் இருந்தது.

சைவர்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ரு, எல்லோருக்கும் சாந்தியாசனம், வேண்டியவர்களுக்கு எண்ணெய் தேய்த்தல். சனத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது தயா சோமசுந்தரம் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். மருந்து தேவைப்பட்டவர்களுக்கு மருந்தும் கொடுத்தார்கள். அகதிகளின் மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைநூல் எங்கள் சமூகத்துக்கு ஏற்றபடி தமிழில் திருத்தி எழுதப்பட்டது. மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய இடத்தில் ஆசிரியர், குடும்பநல மாது, கிராம சேவையாளர், மதகுருமார் என்று எல்லோரையும் பழக்கவேண்டி இருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தல் விளக்கில் குறிப்பு எழுதினோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, பயிற்சி எடுத்தவர்களும் மூட்டையோடு அதே வீதியில்தான் நடந்தோம். தென்மராட்சிப் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தபடியே பக்கத்துப் பாயில் இருந்தவரோடு கதைத்தோம்.

கிழக்கில் வேறு விதமாக நடந்தது. அங்கே பிள்ளைகளைக் காணாமல் பறிகொடுத்த தாய்மார், அம்மன் கோயிலில் உருவேறி வாக்குச் சொல்பவர்களிடம் போய், மகன் இருக்கிறானா என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்கென்று மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அதை ஆரம்பித்தவர்கள். முஸ்லிம்கள் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும் தமிழர்கள் கொல்லப்பட்ட சத்துருக்கொண்டான் படுகொலையும் நடந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் ஏறி அந்தப் பூங்காவுக்குப் போனார்கள். களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டி நடித்தார்கள். அடுத்த தலைமுறை ஒன்றை ஒன்று வெட்டாமல் இருக்கச் செய்த வேலை என்று இதைத்தான் நான் முதலில் சொல்லுவேன்.

எங்கள் வேலையின் திசையைத் திருப்பியது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த ஒரு ஆய்வு. சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்குத் தமிழ்ப் பிள்ளைகள் 296 பேரிடம் கேட்டு, 2008இல் வெளியிட்டார்கள். 9 முதல் 15 வயதுப் பிள்ளைகள். யுத்த அனுபவம் உள்ளவர்கள் 82.4 வீதம். வீட்டுக்குள் வன்முறையை ஒரு முறையாவது கண்டவர்கள் அல்லது பட்டவர்கள் 95.6 வீதம். தகப்பனின் குடியும் முன்பு பட்ட யுத்தமும், பிள்ளை வீட்டில் படுகிற பாட்டோடு சேர்ந்தே வந்தன. வகுப்பறையில் நாங்கள் கண்டதை இலக்கமாகப் பார்த்தபோது நெஞ்சு பதறியது.

வகுப்பில் நித்திரை தூங்கி விழுகிற பதினொரு வயதுப் பையன் ஒருவன். கையில் வயரால் அடித்த தழும்பு. தகப்பன் கடற்தொழிலாளி, படகும் போய், உறவும் போய், கசிப்பில் விழுந்தவர். கூப்பிட்டால் வரமாட்டார் என்று தெரியும். பையனின் மாமாவைக் கொண்டு சொல்லி அனுப்பினோம். வந்து குனிந்தபடி இருந்தார்.

"சத்தம் கேட்டால் கை எழும்புது ரீச்சர். பிறகுதான் தெரியும், அடிச்சுப் போட்டன் எண்டு."

அவர் பட்டதைக் கேட்டோம். பிள்ளையை அடிக்க அது நியாயம் ஆகாது என்பதையும் முகத்துக்கு நேரே சொன்னோம். ஆனால் அவரோடு கதைக்குமுன் செய்த வேலை ஒன்று உண்டு. அவர் குடித்துவிட்டு வரும் நாளில் தாயும் பிள்ளையும் மாமா வீட்டுக்குப் போகிற ஏற்பாடு. அடையாள அட்டையும் பள்ளிப் புத்தகமும் ஒரு பையில் தயாராக இருக்கும். அதற்குப் பிறகுதான் அவருக்கு நித்திரைக்கும் குடிக்கும் கிளினிக், மூச்சுப் பயிற்சி, கை எழும்பும்போது எழும்பிக் கிணற்றடிக்குப் போகிற பழக்கம். இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் பிள்ளையின் பாதுகாப்பு. காயத்தை ஆற்றுகிறோம் என்று அடிக்கிறவரோடு மட்டும் கதைத்துக்கொண்டிருந்தால், அடி வாங்குகிறவர்கள் அன்றிரவும் அடி வாங்குவார்கள்.

2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 34ஆம் இலக்கம், வந்தது. அதே ஆண்டு பாடசாலைகளில் அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சும் சுற்றறிக்கை விட்டது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது, மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்த சனங்களுக்கு இந்த வேலை வேறெப்போதையும்விட அதிகம் தேவைப்பட்டது. ஆனால் உளசமூகப் பணி என்ற பெயரைக் கேட்டாலே அனுமதி மறுக்கப்பட்ட வருடங்கள் அவை. வீடும் வீதியும் கட்டலாம், அழுகிறவரோடு இருக்கக்கூடாது என்றார்கள். அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

இன்று வடக்கில் பல பாடசாலைகளில் ஆலோசனை ஆசிரியர் என்று ஒருவர் இருக்கிறார். யாரும் லீவு எடுத்தால் அவரைத்தான் அந்த வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அவருடைய அறையில் பழைய கதிரைகளை அடுக்குகிறார்கள். அதிபர்மாரே, அந்த அறையை வெளியாக்கிக் கொடுங்கள். கிழமைக்கு இத்தனை பாடவேளை அவருக்கென்று நேரசூசியில் எழுதிவிட்டு, அதில் கை வைக்காதீர்கள். வாசிக்கிறவர்களில் யாருக்காவது வீட்டில் அடி விழுகிறது என்றால், பெண்களுக்கான உதவி எண் 1938. பிள்ளைகளுக்கு 1929. மனம் தாங்காதவர்கள் 1926க்கு எடுங்கள்.